பிடி அரிசியும் மலர்ந்த முகமும்

'தனக்கு மிஞ்சித்தான் தானம்' என்று நம் முன்னோர் ஒரு பழமொழி வழங்கினர். கடன்பட்டுத் தானம் செய்து தன் குடும்பத்தைத் தெருவில் நிறுத்துவோனை எச்சரிக்கும் அளவில் அது நல்ல மொழியே. ஆனால், நாளடைவில் நாம் அதற்கு வேறொரு பொருளை ஏற்றிவிட்டோம். செலவெல்லாம் போக எஞ்சியதைக் கொடுப்பதே ஈகை என்று கொண்டோம். அந்த எச்சம் எப்போது கைக்கு வருகிறது? வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஊரில் உள்ள பெற்றோருக்கு அனுப்பும் தொகை, கடைக்காரர் கணக்கு இவையெல்லாம் தீர்ந்தபின் மாதக் கடைசியில் எஞ்சுவது பெரும்பாலும் வெறுங்கையே. அந்த வேளையில் ஒருவர் வாயிலில் வந்து நின்றால் நம் முகம் தானாகவே சுருங்குகிறது. கொடுக்கிறோம், ஆனால் முகஞ்சுளித்துக் கொடுக்கிறோம். முகமலர்ச்சியோடு கொடுத்தலைப் பற்றி இன்று பேச முற்படும் நாம், இந்த முகச்சுளிப்பிலிருந்தே தொடங்குவது பொருத்தம்.

கிறிஸ்தவத் திருமறையில் இப்பொருளைப் பற்றி மிகுதியாகப் பேசியவர் அப்போஸ்தலனாகிய பவுல். கி.பி. 55, 56-ஆம் ஆண்டுகளையொட்டிக் கொரிந்து நகரச் சபைக்கு அவர் எழுதிய இரண்டாம் நிருபத்தில், எட்டாம் ஒன்பதாம் அதிகாரங்கள் முழுவதும் ஒரு நிதி திரட்டலைப் பற்றியவை. எருசலேமில் வறுமையுற்றிருந்த விசுவாசிகளுக்காக அந்நிதி திரட்டப்பட்டது. கொரிந்தியர் முந்திய ஆண்டே உதவுவதாக ஒப்புக்கொண்டு தொடங்கியும் விட்டனர். ஆனால் காரியம் முடியவில்லை. இதற்கிடையே, கடுமையான வறுமையில் இருந்த மக்கெதோனியாச் சபைகள், எங்களுக்கும் இதில் பங்கு வேண்டும் என்று தாமே வற்புறுத்தித் தம் திராணிக்கு மேலாகவும் கொடுத்துவிட்டன. வாக்களித்த செல்வ நகரம் பின்தங்க, வாக்களியாத ஏழை நாடு முந்திக்கொண்டது. இந்த நிலையில்தான் பவுல், மனவருத்தத்தோடும் நெருக்குதலாலும் கொடுப்பதை விலக்கி, உள்ளத்தில் முன்னரே தீர்மானித்தபடி மகிழ்ந்து கொடுப்பவனிடம் கடவுளுக்கு விருப்பம் என்று எழுதுகிறார்.

மகிழ்ந்து என்பதற்கு அவர் ஆண்ட கிரேக்கச் சொல் 'ஹிலரோஸ்' என்பது. முகத்தில் ஒளி வீசும் மலர்ச்சியை அச்சொல் குறிக்கும். நம் தமிழ் வேதாகமம் அதனை 'உற்சாகம்' என்று பெயர்த்தது. அக்கருத்தும் பவுல் புதிதாகப் படைத்ததன்று. நீதிமொழிகளின் இருபத்திரண்டாம் அதிகாரத்தில், எபிரேய மூலத்தில் காணப்படாமல், பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் மட்டும் காணப்படும் ஒரு வாசகத்தை அவர் நினைவிற்கொண்டே எழுதினார் என்பர் அறிஞர். மலர்ச்சி என்றவுடன் இயல்பிலேயே சிரித்த முகம் உடையோர்க்கே அது கைகூடும் என்று எண்ணிவிடலாகாது. பவுலின் வாக்கியத்தில் தீர்மானம் முன்னும் மலர்ச்சி பின்னுமாக வருகின்றன. தீர்மானம் முன்பே முடிந்திருந்தால், கொடுக்கும் வேளையில் நமக்குள்ளே வழக்காடுதல் இல்லை. வழக்கு இல்லாத இடத்தில் முகம் சுருங்க வேண்டுவதில்லை.

இதற்கு அவரே ஒரு வழியும் கூறியிருக்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் தம் வரவுக்குத் தக்கபடி ஒரு பங்கைத் தம்மிடத்திலேயே ஒதுக்கிச் சேர்த்துவைக்க வேண்டும் என்கிறார். தாம் வந்தபின் அவசர அவசரமாக வசூல் நடத்தலாகாது என்பது அவர் நோக்கம். அந்தப் பணத்தைத் தாம் ஒருவராகவே கொண்டுசெல்லாமல், சபைகள் தேர்ந்த சகோதரரையும் உடன் அழைத்துக்கொள்வதும், தம்மேல் எவரும் குறைகூற இடம் வைக்காமல் காப்பதும் எவ்வளவு நுட்பமான உலகியல் அறிவு! கொடுப்பவன் முகம் மலர வேண்டுமானால், வாங்குபவன் கணக்கும் வெளிச்சத்தில் இருக்க வேண்டும். நம் சங்கங்கள் பலவற்றின் பொருளாளர்கள் இந்த எட்டாம் அதிகாரத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது படிப்பது நலம்.

முன்னரே ஒதுக்கிவைத்தல் என்னும் இந்த முறையை நம் நாட்டுப் பெண்கள் அடுக்களையிலேயே கண்டுகொண்டார்கள். அதுதான் பிடி அரிசி. உலை வைக்கு முன், அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் இடுவது. நெல்லைச் சீமையின் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் இவ்வழக்கம் நெடுங்காலம் நிலவியது. கிறிஸ்தவர்க்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று இது. காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பிடியரிசித் திட்டத்தைத் தம் அடியார்களிடையே வலியுறுத்தி வந்ததை நேயர்களில் பலர் அறிவர். இதன் சிறப்பை நாம் நின்று நோக்க வேண்டும். சமைத்து உண்டபின் மிஞ்சிய சோற்றையன்று அப்பெண்கள் எடுத்தது. சமைக்குமுன் அரிசியை எடுத்தார்கள். 'தனக்கு மிஞ்சித்தான்' என்ற பழமொழிக்கு மறுமொழி கூறுவதுபோல் முதற்பிடி பிறர்க்குப் போயிற்று. அந்தப் பிடி குறைந்ததால் எவர் வயிறும் குறைந்ததாகத் தெரியவில்லை.

இவ்வழக்கம் இன்றும் மிகுந்த உயிரோடு விளங்கும் இடத்தைக் காணவேண்டுமானால் நாம் வடகிழக்கே மிசோரம் செல்ல வேண்டும். அங்கே அதன் பெயர் 'புஹ்ஃபாய் தாம்'. கைப்பிடி அரிசி என்பதே அச்சொற்களின் நேர்ப் பொருள். வேல்ஸ் நாட்டு மிஷனரிமார் பணியால் வளர்ந்த மிசோ திருச்சபையில் 1910-ஆம் ஆண்டளவில் இவ்வழக்கம் வேரூன்றியது. ஒவ்வொரு வேளையும் சமைக்கும்போது வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசியைத் தனியே வைப்பாள். சபைப் பெண்கள் அதனை வீடுவீடாகச் சென்று சேகரிப்பர். சேர்ந்த அரிசி விற்கப்பட்டு, வந்த பணம் ஊழியர்களை அனுப்பவும் பிற திருப்பணிகளுக்கும் செலவாகும். இப்படியே சேர்ந்த பணத்தைக் கொண்டு மிசோ மக்கள் இந்தியாவின் பிற மாநிலங்களுக்கும் பிற நாடுகளுக்கும் தம் மக்களை ஊழியத்திற்கு அனுப்பி வருகின்றனர்.

இம்மலைநாடு செழிப்பான நெல் வயல்கள் நிறைந்த சமவெளி அன்று. காட்டை வெட்டி எரித்து மலைச்சரிவில் விதைத்து உண்ட நாடு. அங்கே ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மூங்கில் பூக்கும். மூங்கில் விதையைத் தின்று எலிகள் பெருகும். விதை தீர்ந்ததும் அவை வயல்களில் இறங்கிக் கதிரை அழிக்கும். 'மௌதம்' என்று மிசோ மக்கள் அழைக்கும் இப்பஞ்சம் 1911, 1912-ஆம் ஆண்டுகளிலும், மீண்டும் 1959-ஐ ஒட்டியும் வந்தது. பிடி அரிசி வழக்கம் தொடங்கி ஓரிரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே முதற் சோதனை வந்துவிட்டது என்று பொருள். ஆயினும் வழக்கம் அழிந்துபடவில்லை. மக்கெதோனியாவைப் பற்றிப் பவுல் எழுதியதை நம்பக் கூசுவோர் மிசோரத்தை நோக்கலாம். பானையில் ஒரு பிடி மா மட்டுமே இருந்த சாறிபாத் விதவை, முதலில் எலியாவுக்கு ஓர் அடை சுட்டுக் கொடுத்த வரலாறும் இந்த அடுப்பங்கரையில் புதுப்பொருள் பெறுகிறது.

தமிழர் வரலாற்றிலும் இதற்கு இணையான ஒரு பக்கம் உண்டு. தாய்நாட்டின் வேறொரு மொழி வழங்கும் பகுதிக்குச் சென்று வாழும் நமக்கு அது இன்னும் நெருக்கமானது. திருச்செந்தூர்ப் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1902-இல் யாழ்ப்பாணம் சென்றிருந்தபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தம் சொந்தப் பொருளைக் கொண்டு வெளியிடத்துக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டார். கண்டு வந்தவர் சும்மா இருக்கவில்லை. 1903-இல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்தியப் பணம், இந்திய ஊழியர், இந்திய நிருவாகம் என்பது அதன் கொள்கை. வெளிநாட்டுப் பணத்தால் கோயிலும் பள்ளியும் எழுந்து பழகிய காலம் அது. பனையேறிப் பிழைத்த குடும்பங்கள் மிகுந்த ஒரு நாட்டுச் சபை, தெலுங்கு நாட்டிலுள்ள அயலாருக்காகத் தன் மடியை அவிழ்த்தது. அச்சங்கத்தின் முதற்களம் தோர்ணக்கலைச் சார்ந்த பகுதி. இன்று அது தெலங்கானாவில் உள்ளது. 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட அசரியா, 1945-இன் முதல் நாளில் மறையும் வரை தோர்ணக்கலிலேயே பணியாற்றினார்.

அவர் பணியாற்றிய கிராமங்களில் கிறிஸ்தவர் பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள். தீண்டத்தகாதார் எனத் தள்ளப்பட்டவர்கள். இவர்களிடம் எதைக் கேட்பது என்று பிறர் தயங்கினர். அசரியாவின் எண்ணம் வேறு. ஏழையிடம் கேளாதிருப்பது இரக்கம் போலத் தோன்றினும், நீ கொடுப்பதற்கு உரியவன் அல்லை என்று அவனிடம் சொல்வதாகவே அது முடியும் என்று அவர் கருதினார். கொடுத்தலைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் தனி நூலே எழுதினார். தோர்ணக்கல் சபைகளிலும் பிடி அரிசி சேர்ந்தது. அறுப்பு விழாவில் தானியமும் கோழியும் காய்கறியும் பீடத்தின்முன் குவிந்தன. வாங்கியே பழக்கப்படுத்தப்பட்டவன் முதன்முறையாகத் தன் கையை மேலே வைத்துக் கொடுக்கும்போது, அவன் முகத்தில் மலர்வது வெறும் பக்தி அன்று. தானும் ஒரு மனிதன் என்னும் உணர்வு அது.

அறுப்பு விழாவைக் குறிப்பிட்டதால் மற்றொன்றையும் கூறிவிடுவோம். நம் சபைகளில் காணிக்கையாக வந்த பொருள்களை ஏலமிடும் வழக்கம் உண்டு. ஒரு பூசணிக்காய் அங்காடி விலையைப்போல் இருபது மடங்குக்குப் போவதும், அதனை எடுத்தவர் மீண்டும் ஆலயத்துக்கே கொடுத்துவிட, அது மறுபடியும் ஏலம் போவதும், சிறுவர்கள் கைதட்டுவதும் கண்கொள்ளாக் காட்சிதான். அந்தச் சிரிப்பை நாம் குறைகூற மாட்டோம். ஆனால், பெயரையும் தொகையையும் உரக்க வாசிக்கும் பட்டியலில் நமக்கு மதிப்பில்லை. பட்டியலில் முதலிடம் பெறுவோர் முகம் மலர்வது கொடுத்ததாலா, கேட்கப்பட்டதாலா என்பது அவர்க்கே விளங்குவதில்லை. பத்து ரூபாய் கொண்டுவந்தவளோ தலைகுனிந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கிறாள். இரண்டு காசு போட்ட விதவையை எருசலேம் ஆலயத்தில் ஆண்டவர் தாமே கவனித்துச் சீடர்க்குக் காட்டினார். அங்கே ஒலிபெருக்கி இருந்திருந்தால் அவள் அன்று வந்திருப்பாளா என்று ஐயுறுகிறோம்.

கொடையின் எல்லைகளையும் நாம் மயங்காமல் அறிய வேண்டும். கொடுக்க வேண்டிய கடனைத் தீர்ப்பது கொடை ஆகாது. வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு முதல் தேதியில் சம்பளம் கொடுப்பது நீதி. அவளுக்கு நாம் செய்யும் தருமம் அன்று. கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் கட்டளையிடுகிறது. ஞாயிறு காலையில் காணிக்கைப் பையில் தாராளமாக இட்டுவிட்டு, திங்கட்கிழமை தள்ளுவண்டிக்காரரிடம் கீரைக்கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைக்க வாதாடுவோரை நாம் கண்டதில்லையா? அதுபோலவே, ஊரில் முதிய பெற்றோர் மருந்துக்குத் தவித்திருக்க, இது கடவுளுக்கென்று நேர்ந்தது என்று சொல்லி அவர்களைத் தட்டிக்கழிப்பதை ஆண்டவர் கடுமையாகக் கண்டித்தார். ஊருக்கு அனுப்பும் பணத்தை மனச்சலிப்போடு அனுப்பாமல், அன்போடு ஒரு தொலைபேசி விசாரிப்பையும் சேர்த்து அனுப்பினால் அங்கேயும் உற்சாகம் நுழைந்துவிடும். கடனைத் தீர்க்கும்போதும் முகம் மலர்ந்திருக்கலாம் அல்லவா?

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனியான ஓர் உரிமைப் பங்கு உண்டு. பவுல் எழுதிய கொரிந்துவே குடியேறிகளின் நகரம். அழிந்துகிடந்த அந்நகரைக் கி.மு. 44-இல் யூலியஸ் சீசர் ரோமக் குடியேற்றமாகப் புதுப்பித்தார். இரு துறைமுகங்களின் நடுவே அமைந்த அவ்வூருக்குப் பிழைப்பு நாடிப் பல நாட்டாரும் வந்து சேர்ந்தனர். வந்த இடத்தில் காலூன்றியபின், காணாத எருசலேமின் ஏழைகளை நினைப்பது அவர்களுக்கு எளிதாக இருக்கவில்லை. உபாகமத்தின் இருபத்தாறாம் அதிகாரம் இந்த மறதிக்கு ஒரு மருந்து வைத்திருக்கிறது. முதற்கனிக் கூடையை ஆசாரியன் கையில் கொடுக்கும் இஸ்ரவேலன், தன் மூதாதை நாடோடியாய் அலைந்த ஓர் அரமேயன் என்றும், எகிப்தில் அந்நியனாய்த் தங்கி ஒடுக்கப்பட்டான் என்றும் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லி முடித்தபின் அவன் தன்னிடத்தில் தங்கியிருக்கும் அந்நியனோடுகூட மகிழ வேண்டும் என்பதும் அங்கே கட்டளை. கூடை, நினைவு, மகிழ்ச்சி ஆகிய மூன்றையும் ஒரே முடிச்சாகக் கட்டியிருக்கிறது அப்பகுதி.

நம் கதையும் அத்தகையதே. தாராவியிலும் கரோல்பாக்கிலும் முதன்முதல் பெட்டியோடு வந்து இறங்கிய தமிழனுக்கு, மொழி தெரியாத முதல் வாரத்தில் யாரோ ஒருவர் பாய் விரித்துக் கொடுத்தார். அவர் அத்தையின் மைத்துனராக இருந்திருக்கலாம். அடுத்த அறைப் பஞ்சாபியாகவும் இருந்திருக்கலாம். 2020 மார்ச்சு 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நிலவியபோது, அன்றாடக் கூலியை நம்பிய எத்தனையோ குடும்பங்கள் அயலார் சமைத்தளித்த பொட்டலத்தால் பிழைத்தன. குருத்வாராக்களின் அடுப்பு அன்று யாரையும் ஊரும் சமயமும் கேட்கவில்லை. இதையெல்லாம் பிள்ளைகளிடம் நாம் சொல்லுகிறோமா? நாமே உழைத்து முன்னேறினோம் என்ற கதையை மட்டும் கேட்டு வளரும் பிள்ளைக்கு, இன்று பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து நம் கட்டடத்தின் காவல் அறையில் படுத்திருக்கும் இளைஞன் ஓர் அந்நியனாகவே தோன்றுவான். பாய் விரித்துக் கொடுத்தவரின் கதையையும் கேட்ட பிள்ளை, குளிர்காலத்தில் அவ்விளைஞனுக்கு ஒரு கம்பளியை எடுத்துச் செல்லும்போது தயங்காது.

இன்று ஆலயங்கள் சிலவற்றின் வாயிலில் கியூஆர் அட்டை தொங்குகிறது. கைப்பேசியைக் காட்டினால் நொடியில் காணிக்கை சேர்ந்துவிடுகிறது. அதனைப் பழிப்பதற்கில்லை, கணக்குக்கும் அது நல்லது. எனினும், பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஆறு வயதுக் குழந்தை அங்கே எதையும் காண்பதில்லை. தந்தை செய்தி படித்தாரா, காணிக்கை செலுத்தினாரா என்பது அதற்குத் தெரியாது. பிடி அரிசியிலோ தாயின் கை குழந்தையின் கண்முன்னே பானைக்குள் போயிற்று. சில நாள் குழந்தையின் கையே போயிற்று. அந்தச் சிறு கை அள்ளியது குறைவாயினும், சிந்தியது மிகுதியாயினும், ஈகையின் முதற்பாடம் அதுவே.

நகரத்து அடுக்குமாடி வீட்டிலும் ஒரு தகரடப்பாவுக்கு இடம் இல்லாமற் போகாது. அரிசி அளக்கும் படிக்குப் பக்கத்தில் அதனை வைத்தல் வேண்டும். அலமாரியின் மேல்தட்டில் வைத்தால் மறந்துபோகும். மழைக்காலத்தில் வண்டு பிடிக்காமலிருக்க இரண்டு காய்ந்த வேப்பிலையை இட்டுவைக்கலாம். மாதம் ஒருமுறை பத்து வீட்டார் தம் டப்பாக்களை ஓரிடத்தில் கொட்டட்டும். கட்டட வேலை நடக்கும் இடத்தருகே குடிசையிட்டிருப்போர், மருத்துவமனை வாயிலில் நோயாளிக்காகக் காத்துக்கிடக்கும் வெளியூர்க்காரர் எனப் பெற்றுக்கொள்வோருக்குப் பெருநகரில் பஞ்சமில்லை. ஒரு வீட்டில் பொன்னியும், ஒரு வீட்டில் புழுங்கலும், வேறொரு வீட்டில் பாசுமதியுமாக எல்லாம் ஒன்றாய்க் கலந்துபோகுமே என்று இல்லத்தரசிமார் கவலைப்படுவர். உண்மைதான், அது பதமாக வேகாது. ஆனால், அத்தனை அரிசியையும் சேர்த்து நீர் மிகவிட்டுக் காய்ச்சினால் கஞ்சி நன்றாகவே வரும்.